அடிக்கணக்கு வரலாறு

ஆகஸ்ட் மாசம் பிறந்தா சென்னையில இருக்கிற நம்ம பதிவர்கள் பாதிப் பேருக்கு வரலாற்றுக் காய்ச்சல் வந்துடும். 1639 ஆகஸ்ட் 22-ல கிழக்கிந்தியக் கம்பெனிக்காரங்களுக்கு ஒரு துண்டு மணல்வெளி கிடைச்சுது. அந்த நாளை 2004-லேர்ந்து மெட்ராஸ் தினம்னு கொண்டாடுறாங்க. மயிலாப்பூர்ல ஒரு நடை, ஜார்ஜ் டவுன்ல ஒரு நடை, சென்ட்ரல் ஸ்டேஷன் கறுப்பு வெள்ளைப் படம், ட்ராம் வண்டிப் படம். நல்ல விஷயம்தான், குறை சொல்ல மாட்டேன். எஸ்.முத்தையா 2019-ல காலமாகிற வரைக்கும் அந்த ஊரோட ஒவ்வொரு தெருவைப் பத்தியும் சலிக்காம எழுதினார். அதனாலதான் இன்னைக்கு அங்க ஒரு பழைய கட்டடத்துல கை வச்சா சத்தம் போட நாலு பேராவது இருக்காங்க.

எனக்குக் கோபம் சென்னைக்காரங்க மேல இல்லை. எங்க ஊர்க்காரங்க மேலதான்.

நாகர்கோவில்ல பொறந்து, பிஇ முடிச்சு, பழைய மகாபலிபுரம் சாலையில பொட்டி தட்டிப் பிழைக்கிற ஆயிரக்கணக்கான பேர்ல நானும் ஒருத்தன். எங்க கூட்டத்துல யார்கிட்டயாவது "உங்க ஊர்ல என்ன விசேஷம்"னு கேட்டுப் பாருங்க. "கன்னியாகுமரி சூரியோதயம்... அப்புறம்... நேந்திரங்காய் சிப்ஸ்" :-) அதோட சரக்கு தீர்ந்துடும். மேற்கொண்டு கேட்டா, "அங்க என்ன மக்கா இருக்கு பாக்கதுக்கு?"ன்னு நம்மகிட்டயே திருப்பிக் கேப்பான். அதே ஆள் ஞாயித்துக்கிழமை காலையில அஞ்சு மணிக்கு எழும்பி, சாந்தோம்ல வரலாற்று நடைக்குப் போயி, செல்பி எடுத்துப் போட்டிருப்பான்.

இத்தனைக்கும் அதே ஆகஸ்ட் மாசத்துல, மெட்ராஸ் தினத்துக்கு 11 நாள் முன்னாடி, எங்களுக்குன்னு ஒரு நாள் இருக்கு. 1954 ஆகஸ்ட் 11. திருவிதாங்கூர் கொச்சி மாநிலத்துல இருந்த தமிழ்த் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோட சேர்க்கணும்னு போராடின ஜனங்க மேல, மார்த்தாண்டத்துலயும் புதுக்கடையிலயும் போலீஸ் சுட்ட நாள். சாதாரண சனங்க செத்துப் போனாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு, 1956 நவம்பர் 1-ல கன்னியாகுமரி மாவட்டம் பிறந்தது. மெட்ராஸ் தினம் ஒரு நிலம் கை மாறின நாள். எங்க மாவட்டமோ உயிரைக் கொடுத்து வாங்கினது. ஆனா நவம்பர் 1 எங்க ஊர்ப் பிள்ளைகளுக்கு என்ன? உள்ளூர் விடுமுறை. ஆகஸ்ட் 11 அதுகூட இல்லை. நேசமணி யாருன்னு கேட்டா, "மார்ஷல் நேசமணி... அந்த மணிமண்டபம் இருக்குல்ல?"ன்னு கட்டடத்துக்கு வழி சொல்றான்!

*

இப்போ என் குற்றச்சாட்டு.

எங்க ஊரைப் பத்தி யாருமே எழுதலைன்னு நான் சொல்ல வரலை. எழுதுறாங்க. எப்படி எழுதுறாங்கங்கிறதுதான் பிரச்சினை. "குமரியில் காண வேண்டிய பத்து இடங்கள்"னு தேடிப் பாருங்க. வள்ளுவர் சிலை, 133 அடி, 2000-ல திறந்தது. மாத்தூர் தொட்டிப்பாலம், 115 அடி உயரம், ஆசியாவுலயே அது இதுன்னு ஒரு பெருமை. சுசீந்திரம் அனுமாருக்கு எத்தனை அடி, கோபுரத்துக்கு எத்தனை அடி. பத்மநாபபுரம் அரண்மனையில சிரட்டைக் கரியும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து மினுக்கின தரை. எல்லாத்துக்கும் ஒரு அளவு, ஒரு ஆச்சரியக்குறி. நான் இதுக்கு வச்சிருக்கிற பேரு அடிக்கணக்கு வரலாறு. டேப்பை எடுத்துட்டுப் போயி அளந்துட்டு வந்தா முடிஞ்சுது. இதைக் கட்டினது யாரு, எதுக்கு, இதுல யாரை உள்ளே விட்டாங்க, யாரை வெளியே நிறுத்தினாங்கன்னு எதையுமே டேப் சொல்லாது.

மாத்தூரையே எடுத்துக்கோங்க. பாலத்து மேல நின்னு படம் எடுக்காத குமரிக்காரன் கிடையாது. அது பாலமே இல்லைங்க, வாய்க்கால்! பட்டணங்கால் வாய்க்கால் தண்ணி ஒரு மலையிலேர்ந்து இன்னொரு மலைக்குப் போகணும், நடுவுல பறளியாறு பள்ளத்துல ஓடுது. பள்ளத்தைத் தாண்ட தூண் மேல தொட்டி கட்டி, அதுல தண்ணியை ஓட விட்டாங்க. காமராஜர் முயற்சியில வந்தது, 1966. கல்குளம், விளவங்கோடு பக்கத்து மேட்டுக் காட்டுக்குத் தண்ணி கொண்டு போறதுதான் கதை. அந்தத் தண்ணி எந்த ஊருக்குப் போகுது, இன்னைக்கும் கடைசி வயல் வரைக்கும் போய்ச் சேருதான்னு பாலத்துல நிக்கிறவன் கேட்டுப் பார்த்திருக்கானா? 115 அடி. அது மட்டும் பாடம்.

சரி, சுசீந்திரத்துக்கு வருவோம். தாணுமாலயன் கோயில் இசைத்தூணைத் தட்டிப் பாக்காதவன் யாரும் இல்லை. ஆனா அந்தத் தூணை விடப் பெரிய விஷயம் கோயிலுக்கு வெளியே கிடக்கு. தெரு! கோயிலைச் சுத்தியிருக்கிற தெரு. இன்னைக்கு அதுல பைக்கை நிறுத்திட்டு நாம டீ குடிக்கிறோம். நூறு வருஷத்துக்கு முன்னாடி அந்தத் தெருவுல தாழ்த்தப்பட்டவங்கன்னு ஒதுக்கி வச்ச சாதிக்காரன் யாரும் நடக்கக் கூடாது. கோயிலுக்குள்ள போறது இல்லைங்க, தெருவுல நடக்கிறது! 1926-ல அதுக்காக சுசீந்திரத்துல சத்தியாகிரகம் நடந்தது. டாக்டர் எம்.இ.நாயுடு முன்னால நின்னு நடத்தினார். 1936-ல ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்து கோயில் கதவே திறந்தது. வைக்கம் போராட்டம் எல்லாருக்கும் தெரியும், பாடப்புத்தகத்துல இருக்கு. சுசீந்திரம் நாகர்கோவில்லேர்ந்து டவுன் பஸ் போற தூரம். எங்க ஊர்ல பத்துப் பேரை நிறுத்திக் கேளுங்க. ஒம்பது பேருக்குத் தெரியாது. பத்தாவது ஆளு சொல்ல மாட்டான், ஏன்னா அவனுக்கு அது தர்மசங்கடம்.

*

இங்கதான் எனக்கு ரெண்டாவது கோஷ்டி மேல கோபம் வருது. முதல் கோஷ்டி ஒண்ணுமே தெரியாதவங்க. இவங்க தெரிஞ்சவங்க. "திருவிதாங்கூர் காலம் பொற்காலம் தம்பி, அன்னைக்கு இருந்த ஒழுங்கு என்ன, சுத்தம் என்ன"ன்னு ஆரம்பிப்பாங்க. பெரியவங்க, வயசுக்கு மரியாதை கொடுத்துக் கேட்டுக்கிறோம். ஆனா பதில் சொல்லாம இருக்க முடியாது.

யாருக்குப் பொற்காலம்?

நாகர்கோவில்லேர்ந்து கன்னியாகுமரி போற வழியில சாமித்தோப்பு இருக்கு. பதிக்குள்ள போற ஆம்பளைங்களைப் பாருங்க, தலைப்பாகை கட்டிக்கிட்டுப் போவாங்க. மத்த கோயில்ல சட்டையைக் கழட்டு, துண்டை இடுப்புல கட்டுன்னு சொல்றாங்க, இங்க மட்டும் ஏன் தலையில கட்டுறாங்கன்னு நீங்க யோசிச்சதுண்டா? ஒரு காலத்துல அந்த ஜனங்க தலையில துணி கட்டக் கூடாது. அதனாலதான் அய்யா வைகுண்டர் (1809-1851) கட்டச் சொன்னார். சாமி கும்பிடுற இடத்துலயே கட்டச் சொன்னார். ஒரு முழம் துணிக்குள்ள எங்க ஊர் வரலாறு மொத்தமும் சுருண்டு கிடக்கு. நாம அதைப் பார்த்துட்டு "ஏதோ வழக்கம்"னு சொல்லிட்டுப் போறோம்.

பொம்பளைங்க கதை இதைவிடக் கொடுமை. நாடார் முதலான சாதிப் பெண்கள் மார்பை மறைச்சு மேல்துணி போடக் கூடாதுன்னு தடை இருந்தது. 1822-லேர்ந்து 1859 வரைக்கும் அதுக்காகக் கலவரம், தீவைப்பு, சந்தையில வச்சுத் துணியைக் கிழிக்கிறதுன்னு நடந்திருக்கு. கடைசியா 1859 ஜூலை 26-ல பிரகடனம் வந்தது. அதுலயும் மேல்சாதிப் பெண்கள் மாதிரி உடுத்தக் கூடாதுன்னு ஒரு வரி! சட்டம் கொடுத்த கையாலயே குட்டும் வச்சாங்க. திருவிதாங்கூர்ல அடிமை முறையை ஒழிச்சதே 1855-லதான். பொற்காலமாம்.

சென்னை நண்பர்களே, இதுல உங்களுக்கும் பங்கு இருக்கு. அந்தப் பிரகடனம் சும்மா வரலை. அப்போ மெட்ராஸ் கவர்னரா இருந்த சார்லஸ் டிரெவெலியன் கொடுத்த அழுத்தமும் ஒரு காரணம். அதே டிரெவெலியன்தான் மெட்ராஸ்ல பீப்பிள்ஸ் பார்க்குக்கு அடி போட்டவர். பார்க் டவுன், பார்க் ஸ்டேஷன்ங்கிற பேரெல்லாம் அந்தப் பூங்காவால வந்தது. ரிப்பன் மாளிகையும் விக்டோரியா பொது மன்றமும் நிக்கிறது அந்தப் பூங்கா இடத்துலதான். நீங்க அங்க நடை போகும்போது செங்கல், வளைவு, தூண்னு எல்லாம் பேசுறீங்க. அனந்தபுரி எக்ஸ்பிரஸைப் பிடிக்க பார்க் ஸ்டேஷன்லேர்ந்து ரயில் மாறி எழும்பூருக்கு மூட்டையோட ஓடுற நாங்க பேரைக்கூடப் படிக்கிறதில்லை. எங்க பாட்டிமாரோட மேல்துணிக்கும் அந்த ஸ்டேஷன் போர்டுக்கும் நடுவுல ஒரு கோடு ஓடுது. அந்தக் கோட்டைப் பிடிச்சாத்தான் வரலாறு. செங்கல்லை எண்ணினா அது கொத்தனார் கணக்கு.

*

மூணாவது கோஷ்டி ஒண்ணு இருக்கு. இவங்க வரலாறு நல்லாவே பேசுவாங்க, ஆனா ஆளுக்கு ஒரு துண்டு. என் சாதி ஆண்டது, உன் சாதி அடிமை. என் சாமி முதல்ல வந்தது, உன் சாமி நேத்து வந்தது. இவங்களை எல்லாம் ஒரு நாள் வண்டி பிடிச்சு நாகராஜா கோயிலுக்குக் கூட்டிட்டுப் போகணும்னு எனக்கு ஆசை. எங்க ஊருக்குப் பேரு கொடுத்த கோயில். ஞாயித்துக்கிழமை பாலும் மஞ்சளுமா கூட்டம் அள்ளும். அந்தக் கோயில் தூண்கள்ல மகாவீரர், பார்சுவநாதர் உருவங்கள் இருக்கு. பார்சுவநாதர் தலைக்கு மேலயும் பாம்புதான் குடை பிடிக்குது, கவனிச்சிருக்கீங்களா? 16-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுல குணவீர பண்டிதர், கமலவாகன பண்டிதர்னு ரெண்டு சமணப் பண்டிதர்கள் பேரு வருது. அதாவது நாம யாரோட வீட்டுல நின்னு யாரை "வெளியூர்க்காரன்"னு சொல்றோம்னு கொஞ்சம் யோசிக்கணும். வரிசையில நிக்கும்போது கால் வலிச்சா நாம சாஞ்சுக்கிற தூணே பதில் சொல்லுது.

*

சரி, தெரிஞ்சுக்கலைன்னா என்ன குடி முழுகிப் போச்சு?ன்னு கேக்கலாம். முழுகித்தான் போகுது. ஒரு கல்லோட கதையைச் சொல்றேன்.

எங்க வீட்டுக்குப் போற முக்குல ஒரு சுமைதாங்கி நின்னுது. ரெண்டு கல்லு நட்டு, குறுக்க ஒரு கல்லு, அவ்வளவுதான். தலைச்சுமையோட வர்றவங்க யார் உதவியும் இல்லாம சுமையை அதுல நகர்த்தி வைக்கலாம், போகும்போது திரும்பத் தலைக்கு ஏத்திக்கலாம். அந்த உயரம்தான் அதோட சூட்சுமம். தரையில இறக்கினா திரும்பத் தூக்கிவிட இன்னொரு ஆள் வேணும். கேரளத்துல இதை அத்தாணின்னு சொல்வாங்க. வயித்துப் பிள்ளையோட செத்துப் போன பொண்ணு நினைவா வீட்டுக்காரங்க இந்தக் கல்லை நடுறது தமிழ்நாட்டுல நிறைய இடத்துல உள்ள வழக்கம். இறக்கி வைக்க முடியாமப் போன சுமைக்கு ஈடா, ஊர்ல எல்லாரும் சுமையை இறக்கி வைக்க ஒரு கல்லு. தாஜ்மகாலைப் பத்திக் கவிதை எழுதுற பயலுக இதைப் பத்தி ஒரு வரி எழுத மாட்டானுக.

எங்க தெருவுக்கு மீன் கொண்டு வர்ற பாட்டிகிட்ட ஒரு தடவை கேட்டேன், "பாட்டி, இந்தக் கல்லு எதுக்குன்னு தெரியுமா?"ன்னு. "எங்க அம்மை இதுலதான் மக்ளே கடவத்தை வச்சிட்டுத் தண்ணி குடிப்பா. கடப்புறத்துலேர்ந்து நடந்துல்லா வருவா"ன்னாங்க. மீன், புத்தளம் உப்பு, கருப்பட்டி, வாழைக்குலை எல்லாம் தலையில வந்த காலம் அது. நாஞ்சில் நாட்டுச் சந்தை முழுக்க ஜனங்க கழுத்து மேல நடந்திருக்கு. அந்தக் கழுத்துக்குக் கிடைச்ச ஒரே மரியாதை அந்தக் கல்லு.

ரோடு அகலப்படுத்தும்போது ஒரு நாள் அது காணாமப் போச்சு. நான் ஊருக்குப் போயிருந்தப்போ அங்க ஜல்லிதான் கிடந்தது. வேலை பாக்கிற ஆளைக் கேட்டேன், அவர் இன்னொருத்தரைக் காட்டினார், அந்த இன்னொருத்தர் சிரிச்சுக்கிட்டே சொன்னார், "அது வெறும் கல்லுதானே தம்பி". அவர் மேல எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தா? ரோடு வேண்டாம்னும் நான் சொல்லலை, அதே ரோட்டுலதான் நானும் போறேன். நாலு பேரு சேர்ந்து, அந்தக் கல்லைப் பத்தடி தள்ளி நட்டு வைங்கன்னு கேட்டிருந்தா நட்டு வச்சிருப்பாங்க. கேக்க ஆள் இல்லை, ஏன்னா கதை தெரிஞ்ச ஆள் இல்லை. 133 அடியா இருந்தா யாராவது கேட்டிருப்பாங்க. இது வெறும் அஞ்சடி.

கல்லுக்கே இந்தக் கதின்னா குளத்துக்குச் சொல்லணுமா? நாஞ்சில்னா கலப்பை. கலப்பை பேருல நாடு இருக்கிறது நாங்க மட்டும்தான்னு பெருமை வேற பேசுவோம். கன்னிப்பூ, கும்பப்பூன்னு ரெண்டு பூ நெல் விளைஞ்ச வயல்ல இன்னைக்குச் சென்ட் கணக்குல மனை விளையுது. பேச்சிப்பாறை அணையை 1906-ல கட்டி முடிச்ச என்ஜினீயர் மிஞ்சின் அங்கேயே புதைக்கப்பட்டிருக்கார். தண்ணி கொடுத்துட்டுத் தண்ணி பக்கத்துலயே படுத்துட்டார். அந்தத் தண்ணி வந்து நிறைஞ்ச குளங்கள்ல எத்தனை வீட்டு மனையாச்சு, எத்தனை குப்பைக்கிடங்காச்சுன்னு உங்க தெருவுல இருக்கிற பெரியவங்களைக் கேளுங்க, விரல் விட்டுச் சொல்லுவாங்க. 2022-ல சுசீந்திரம் தேரூர் குளங்களுக்கு ராம்சர் அங்கீகாரம் கிடைச்சுது. எங்கேயோ வெளிநாட்டுல உட்கார்ந்திருக்கிறவங்களுக்கு அது முக்கியமாத் தெரியுது. பஸ் ஜன்னல் வழியா தினமும் அதைப் பாக்கிறவன் போன்ல ரீல்ஸ் பாக்கிறான்.

*

இனி வழக்கமான எதிர்க்கேள்விகள்.

"பழைய புண்ணைக் கிளறாதே, ஊர்ல சாதிச் சண்டை வரும்." அய்யா, புண்ணை மூடி வச்சா ஆறாது, புழுத்துப் போகும். சுசீந்திரம் தெருக் கதை தெரிஞ்சவன் இன்னொருத்தனைத் தெருவுல தடுக்க ஒரு நொடியாவது யோசிப்பான். தெரியாதவன்தான் "ஆண்ட பரம்பரை" பேனர் கட்டுவான்.

"சென்னையில ஏசியில உட்கார்ந்துக்கிட்டு ஊருக்கு உபதேசமா?" ஆமாங்க. ஊர்ல இருந்தா கவனிப்போம்னு என்ன உத்தரவாதம்? 1893-ல கட்டின மணிமேடைக்குக் கீழ தினமும் நாலு தடவை போறவங்க, மணி பாக்கக்கூடத் தலையைத் தூக்குறதில்லை. தூரத்துல இருக்கிறவன் ஊரைப் பத்திப் பேசக் கூடாதுன்னா பேச ஆளே மிஞ்ச மாட்டாங்க, பாதி மாவட்டம் வெளிநாட்டுலயும் வெளியூர்லயும்தான் இருக்கு.

"நீ சாப்ட்வேர்காரன், உனக்கு எதுக்கு வரலாறு? அதுக்குன்னு பேராசிரியர்கள் இருக்காங்க." இருக்காங்க, கும்பிடுறேன். கே.கே.பிள்ளை சுசீந்திரம் கோயிலைப் பத்தி ஒரு பெரிய ஆராய்ச்சிப் புத்தகமே எழுதியிருக்கார். ஆனா தேரூர்ல பொறந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை என்ன வேலை பார்த்தார்? வாத்தியார் வேலை. வேலையையும் பார்த்துக்கிட்டு, கல்வெட்டையும் படிச்சார், காந்தளூர்ச் சாலையைப் பத்தி ஆராய்ச்சியும் எழுதினார். தன்னோட சொந்தச் சமூகத்துல இருந்த மருமக்கள் வழிச் சொத்துரிமையை நையாண்டி பண்ணி மான்மியமும் எழுதினார். சொந்தக்காரன் கோச்சுக்குவானேன்னு நிறுத்தி வைக்கலை. எங்களுக்கு முன்மாதிரி வேணும்னா அந்த வாத்தியார் போதும். எங்க தொழில்லயே பார்த்தாலும், பழைய லாக் பாக்காம பக் சரி பண்றவனை நாங்க என்ன சொல்லுவோம்னு உங்களுக்கே தெரியும்.

ஆகவே மக்களே, மெட்ராஸ் தினத்துக்கு நடை போங்க, தாராளமாப் போங்க. ஆனா அடுத்த தடவை லீவுல ஊருக்குப் போகும்போது உங்க வீட்டுலேர்ந்து ஒரு கிலோமீட்டர் நடந்து, பார்த்துப் பார்த்துப் புளிச்சுப் போன ஒரு பொருளைப் பத்தி ஒருத்தர்கிட்ட ஒரு கேள்வி கேளுங்க. கல்லோ, குளமோ, தெருப் பேரோ, எதுவா இருந்தாலும் சரி. உயரத்தை மட்டும் கேக்காதீங்க. யாரு வச்சா, யாரு பயன்படுத்தினா, யாரை விடலைன்னு கேளுங்க. கேட்டதை எழுதி வைங்க. அடுத்த ஆகஸ்ட் 11-க்குள்ள ஆளுக்கு ஒரு பதிவு போட்டாக்கூட, அடுத்த ஜல்லி லாரி வரும்போது "நில்லுங்க அண்ணாச்சி, அது வெறும் கல்லு இல்லை"ன்னு சொல்ல ஊருக்கு நாலு பேராவது இருப்போம்.

பின்குறிப்பு: இதைப் படிச்சு முடிச்சதும் "தம்பி, நீங்க எந்த ஆளுக?"ன்னு கேக்கப் போற பெரியவங்களுக்கு: சுசீந்திரம் பத்தியை இன்னொரு தடவை படிங்க.